போகியில் எரிந்த பேஸ்பால் பெட்டி

போகியன்று நான் எரித்த அட்டைப்பெட்டிக்குப் பதிலாக, தை பிறந்ததிலிருந்து நானே பெட்டியாக இருந்து வருகிறேன்.

அது என் வீட்டுக்காரர் வைத்தியலிங்கத்தின் பெட்டி. நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் யாரோ யாருக்கோ ஒரு பேஸ்பால் பந்தைத் தபாலில் அனுப்பிய பெட்டி. பந்தும் பெட்டியும் அவர் கைக்குத் தனித்தனியாகத்தான் வந்தன. பந்து பீரோவில் துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது. பெட்டி பரணில் கிடந்தது. வாசலில் கிழிந்த பாய், தேய்ந்த விளக்குமாறு, போன வருஷத்துக் காலண்டர் எல்லாம் போட்டுக் கொளுத்துகிற நாளில், கரப்பான் அரித்த பழைய அட்டையைப் பார்த்தால் பெரம்பூரில் எந்தப் பொம்பளை சும்மா விடுவாள்? நானும் தூக்கிப் போட்டேன். நன்றாகத்தான் எரிந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருடைய சங்கத்தில் இதற்கு விதி இருக்கிறது. ஆதிகால பேஸ்பால் சாமான் சேகரிப்போர் சங்கம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவார்கள். அதில் ஒருவரும் பேஸ்பால் ஆடியதில்லை, பார்த்ததும் இல்லை. "கிரிக்கெட் மாதிரியாங்க?" என்று கல்யாணமான புதிதில் கேட்டுத் தொலைத்தேன், மனுஷன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. விதி இதுதான்: ஒரு பொருள் தபாலில் வந்த பெட்டியை எரித்தாலும், கிழித்தாலும், உள்ளே இருப்பதை வெளியே எடுத்தாலும், அதைச் செய்தவர்தான் அடுத்த பெட்டி.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம் தமயந்தி. சும்மா உக்காந்திரு, அது பாட்டுக்கு ஆகும்" என்றார்.

பந்தை என் மடியில் வைத்தார். கரும்பு தின்று முடிப்பதற்குள் அது விலா எலும்புக்குக் கீழே இறங்கிக்கொண்டது. தோள் இரண்டும் சதுரமாயின. மடக்கிய முட்டி மடங்கியபடியே நின்றது. இடது கன்னத்தில் ஒரு தபால்தலை முளைத்தது. அதன் ஓரம் ஒரே அரிப்பு, சொறிய விடமாட்டார். முதுகில் யாரோ ஒரு வெள்ளைக்காரருடைய விலாசம் எழும்பியது. பிளஸ் டூ படிக்கிற என் மகள் மஞ்சரி, முதுகு துடைத்துவிடும்போது அதைப் படித்துக் காட்டினாள். கையை நீட்ட முடிந்தவரை சமைத்தேன். பிறகு மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வந்தது. உன் கை ருசி வராது என்று ஒரு வார்த்தை சொன்னாரா? மூச்! பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டின நாளிலிருந்து அவர் என் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதற்குப் போய்ச் சந்தோஷப்படுகிறோமே என்று ஆத்திரம் ஆத்திரமாகவும் வந்தது.

மாசி பிறந்ததும் சங்கச் செயலாளர் சடகோபன் தரம் பார்க்க வந்தார். காப்பியைக் குடித்துவிட்டு என் தோளை விரலால் சுண்டினார்.

"மூலையெல்லாம் நல்லா வந்திருக்கு சார். மூடி?"

"கழுத்துகிட்ட கொஞ்சம் பாக்கி" என்றார் இவர்.

"பேசுதா?"

"பேசுது. முன்னைக்கு இப்ப எவ்வளவோ கொறச்சல்."

"மூடினப்புறம் பேசக் கூடாது. அசல் பெட்டி எதுவும் பேசினதில்லை. நான் அடுத்த வாரம் கயிறு கொண்டாறேன், கட்டிடலாம்."

கட்டிவிட்டால் அவ்வளவுதான். கட்டின பெட்டியைச் சங்கத்தில் யாரும் திறந்ததில்லை. சடகோபன் படி இறங்கியதும் எனக்குள்ளே பந்து உருண்டது.

"ஏங்க, பந்தை எடுத்துடுங்க. நான் எழுந்துக்கறேன். பொண்ணுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"நான் எடுத்தா நான்ல பெட்டியாகணும்? அப்புறம் பந்தை யார் பாத்துப்பாங்க?"

தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மஞ்சரி, அவர் குளிக்கப் போனதும் வந்து மூடிக்குள் கையை விட்டாள்.

"நான் எடுக்கறேம்மா."

அவள் விரல் பந்தில் பட்டதுமே நகங்கள் பழுப்பு அட்டை நிறமாகின. நான் போனால் போகிறேன், வாழ்ந்து முடித்த கட்டை. இவள் இன்னும் காலேஜ் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

"விடுடி! எடுத்தே, நான் உயிரோட இருக்க மாட்டேன். கையை வெளியே எடு, சனியனே!"

மஞ்சரி கையை எடுத்துக்கொண்டாள். நகங்கள் பழைய நிறத்துக்கு வந்தன. விரலைத் திருப்பிப் பார்த்தாள். எடுக்கிறதுக்குத்தானே விதி, வைக்கிறதுக்கு இல்லையே, நானும் உன்கூட வந்துடறேன் என்றாள். ஒரு காலைத் தூக்கி என் உள்ளே வைத்தாள். அப்புறம் இன்னொரு காலை. பந்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இறங்குடி என்று கத்த வாயைத் திறந்தேன். உள்ளே நிறைந்துவிட்டதால் மூடி தானாக விழுந்தது. அதன்பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை.

சடகோபன் சணல் கயிற்றோடு வந்து, என்னை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"பந்துதானே? இந்தக் கனம் கனக்குது?"

"பொண்ணு உள்ளே போயிட்டா சார்."

"பொண்ணு அசல் பெட்டியிலயே இருந்ததா?"

"பிரிச்சுப் பாக்காம எப்படி சார் சொல்றது?"

அதுவும் நியாயம்தான் என்றார் சடகோபன். மஞ்சரி குளிர்ந்த பாதங்களை என் விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். இவர் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றினார். முடிச்சு இறுகுகிறவரை சடகோபன் அதன்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.