கேட்டையின் பழைய பெயர்

கோளரங்கத்தில் தங்கை நிகழ்ச்சிகளை எழுதிக் குரல் கொடுப்பாள், அண்ணன் கருவிகளைப் பார்த்துக்கொள்வான். ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேரை வேலைக்கு வைத்தவனைத் தேடிப் பிடித்து உதைக்க வேண்டும் என்பார் டிக்கெட் கிழிப்பவர். இருவரும் எலியும் பூனையும்.

புது நிகழ்ச்சி, நட்சத்திரங்களுக்குப் பெயர் வந்த கதை. ரோகிணி சிவந்தவள், ஆதிரை ஈரமானது, சித்திரை பளிச்சென்று தெரிவது. அதுவரை வம்பில்லை. கேட்டையில் வந்து முட்டிக்கொண்டார்கள். கேட்டை என்றால் மூத்தது. வேதத்தில் அதற்கும் முந்தைய பெயர், மூத்தவனைக் கொன்றது. அடுத்த நட்சத்திரமான மூலத்துக்குப் பழைய பெயர், வேரோடு பிடுங்கியது. பகைவரை ஒழித்தவர்கள் அந்தப் பெருமையை வானத்திலேயே எழுதி வைத்தார்கள் என்பது பழைய விளக்கம். தங்கை அதை ரசித்து ரசித்துப் பதிவு செய்திருந்தாள்.

"அந்த வரியை எடுத்துடு. சின்னப் பசங்க வர்ற இடம்" என்றான் அண்ணன்.

"பேரு எப்படி வந்துச்சுன்னு சொல்லத்தானே நிகழ்ச்சியே?"

"நம்ம வீட்டுல மூத்தவன் நான்டி. கேக்கவே ஒரு மாதிரி இருக்கு."

"பயமா இருந்தா காதுல பஞ்சு வச்சுக்க."

அவன் முகம் விழுந்துவிட்டது. அன்று முதல் பேச்சு நின்றது. அண்ணி நடுவில் புகுந்து பார்த்தாள், பலிக்கவில்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நட்சத்திரங்கள் தெரியும் தகட்டுக் கூரைக்குப் பின்னால், ஏணி உச்சியில் ஒலிபெருக்கிகள் இருந்தன; அவற்றைச் சரிபார்க்க அண்ணன் ஏறுவான். காட்சியைத் தொடங்கினால் அந்தப் பின்புற விளக்கும் சேர்ந்து அணைந்துவிடும். தகட்டின் பொடித் துளைகள் வழியே வெளிச்சம் கசிந்தால் நட்சத்திரம் எடுபடாது. ஏணியில் ஆள் இருந்தால் இருட்டில் கால் தவறிவிடும். அதனால் தொடங்குமுன் அவள் "மேலே யாரு?" என்று கேட்க வேண்டும். அவன் "காலி" என்று சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

ஒத்திகையன்று ஏணிக்குப் போகும் பின்பக்கக் கதவு திறந்து கிடப்பதை அவள் பார்த்தாள். பார்த்தும் கேட்கவில்லை. நாம் ஏன் முதலில் வாய் திறக்க வேண்டும் என்ற வீம்பு. டீ குடிக்கப் போயிருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

இருள் கவிந்தது. ஒவ்வொரு நட்சத்திரமாக ஏற்றிக்கொண்டே வந்தது அவளுடைய பதிவுக் குரல். கேட்டை சிவப்பாக எரிந்தது. "மூத்தவனைக் கொன்றது" என்றது குரல். பின்னால் தகடு ஒருமுறை அதிர்ந்தது. பிறகு கீழே கனமாக ஏதோ விழுந்த சத்தம்.

காட்சியை நிறுத்தும் பொத்தான் கைக்கு அகப்படவில்லை. குரல் அதுபாட்டுக்கு மூலத்துக்குப் போய், வேரைப் பிடுங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணா?"

கோபத்தில்தான் பேசாமல் இருக்கிறான் என்று அந்த நொடி அவள் மனதார நம்பினாள். இருட்டில் நாற்காலிகளில் இடித்துக்கொண்டு பின்பக்கக் கதவைத் தேடினாள்.

"அண்ணா, அந்த வரியை எடுத்துடறேன். சத்தியமா எடுத்துடறேன். காலின்னு மட்டும் சொல்லுண்ணா."