முருகம்மாள் பேரில் ஓடிய வண்டி

வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு கொடுக்கும் வேலையை பேச்சிராஜ் அக்காவின் பேரில்தான் பார்த்துவந்தான். ஒரு புகாருக்குப் பிறகு அவனுடைய கணக்கைக் கம்பெனி முடக்கிவிட்டது. சிம் வாங்க வேண்டும் என்று சொல்லி அக்கா முருகம்மாளிடம் ஆதாரையும் பான் கார்டையும் வாங்கிப் போய், அவள் பேரில் புதுக் கணக்குத் திறந்தான். செல்லில் 'முருகம்மாள்' என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறப்பவர்கள் தாடிக்காரனைக் கண்டு முழிப்பார்கள். "அக்காவுக்குக் காய்ச்சல்" என்பான். இரண்டு வருஷமாக அக்காவுக்குக் காய்ச்சல்.

கம்பெனி பிடித்த வரி திரும்பக் கிடைக்கும் என்று பிரௌசிங் சென்டர் பிரின்ஸ் சொன்னதும், அவள் பேரிலேயே வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்தான். வந்த பணத்தில் வண்டிக்கு டயர் மாற்றினான்.

சில மாதங்களில் அக்காவுக்கு அரசிடமிருந்து மாதாமாதம் வந்துகொண்டிருந்த மகளிர் உரிமைத்தொகை நின்றுபோனது. புருஷன் இல்லாமல், தறிக்குப் போய் மகளைப் படிக்கவைப்பவள் அவள்.

"தாலுகா ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போலே, எனக்கு அங்கன பேசத் தெரியாது" என்றாள்.

ஏதோ ஆதார் கோளாறு என்றுதான் அவனும் நினைத்தான். கம்பெனிச் சட்டையோடே கூட்டிப்போனான்.

கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "நீங்க வருமான வரி தாக்கல் பண்ணியிருக்கியளேம்மா. சாப்பாடு டெலிவரி தொழில்னு இருக்கு. வரிக் கணக்கு காட்டுறவங்களுக்கு உரிமைத்தொகை நின்னுரும்."

"நானா?" முருகம்மாள் சிரித்துவிட்டாள். "நான் தறிக்குல்லா போறேன் சார். எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

கிளார்க்கின் பார்வை அவளைத் தாண்டிப் பேச்சிராஜின் சட்டையில் நின்றது. அக்காவும் திரும்பிப் பார்த்தாள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப இது யாரு பண்ணுனது? ஆள்மாறாட்டம்னா போலீஸுக்குத்தான் போவணும்" என்றார் கிளார்க்.

"நாந்தான் சார்" என்றாள் சட்டென்று. "மறந்துட்டேன்."

"சைக்கிளே தெரியாதுன்னியளே?"

"நடந்து போய்க் குடுத்தேன்."

வரிசையில் யாரோ பலமாகச் சிரித்தார்கள். பேச்சிராஜுக்குக் காது மடல் எரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சட்டையில் இருந்த கம்பெனிப் பேரைக் கையால் மறைத்துக்கொண்டான்.

வெளியே வந்து "அக்கா" என்றான்.

"அந்தக் காசுலதான் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்னு இருந்தேன்லே." அதை மட்டும் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் அவன் தனியாகப் போய் அதே கிளார்க் முன்னால் நின்றான். "நேத்து எங்க அக்கா சொன்னது பொய் சார். எல்லாம் நான் பண்ணுனது."

அவர் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். "எழுதிக் குடுங்க. விசாரணை வரும், தெரியும்லா?"

எழுதினான். 'என் அக்காவுக்குத் தெரியாமல்' என்ற இடத்தில் இரண்டு தடவை அடித்து எழுத வேண்டியிருந்தது.

விசாரணையில் அவள், தம்பி மேல் நடவடிக்கை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாள். உரிமைத்தொகை ஐந்து மாதம் கழித்துத் திரும்ப வந்தது. அவன் இப்போது ஒரு மாவு மில்லில் நிற்கிறான். அக்கா பழையபடிதான் பேசுகிறாள். கறி எடுத்தால் மகளிடம் ஒரு கிண்ணம் கொடுத்துவிடுகிறாள். ஆனால் பேங்குக்கோ ஆபீஸுக்கோ போக வேண்டுமென்றால் எதிர்வீட்டு இசக்கித்தாயைத்தான் துணைக்குக் கூப்பிடுகிறாள். அவள் கூப்பிடும் சத்தம் கேட்டால், இரண்டு பேரும் தெருவைத் தாண்டும்வரை பேச்சிராஜ் வாசலுக்கு வருவதில்லை.