இருபத்து மூன்றாவது பறவை

தீவை விட்டுப் படகு கிளம்ப இன்னும் ஐந்து மணி நேரம் இருபது நிமிடம். உலகில் வேறெங்கும் இல்லாமல் இந்தத் தீவில் மட்டும் வாழும் பறவைகள் இருபத்து மூன்று. பயணக் குழுவினர் இருபத்திரண்டைப் பார்த்தாயிற்று. பார்த்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. தலை தெரிந்ததும் நோட்டில் டிக் போட்டுவிட்டு, உடம்பு தெரிவதற்குள் அடுத்தது எங்கே என்று கேட்டார்கள்.

மிச்சம் தரைக்குயில். அது கிடைத்தால்தான் அடுத்த பருவத்துக்கும் நீ வழிகாட்டி, இல்லையென்றால் என் மச்சான் சும்மாதான் இருக்கிறான் என்று முதலாளி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார். வழிகாட்டிப் பெண் தலையாட்டிவிட்டு வந்தாள். விலங்கியலில் பட்டம் வாங்கியவள். வாய் வாங்கி வரவில்லை.

பள்ளத்தின் விளிம்பில் எல்லோரையும் நிறுத்தினாள். எதிர்ச் சரிவுக்கு இன்னொரு கம்பெனியின் குழு முன்பே போயிருந்தது. கண்ணில் படவேண்டியதில்லை, காதில் விழுந்தாலே கணக்கில் சேரும் என்பது இவர்கள் உலகத்துச் சட்டம். கையடக்க ஸ்பீக்கரில் தரைக்குயிலின் குரலை ஓடவிட்டாள். கூவல் முடிந்த நொடியில் நிறுத்தினாள். அதில் அவள் விரல் ஒருநாளும் பிசகியதில்லை.

எதிர்ச் சரிவிலிருந்து பதில் வந்தது.

குழுவில் நோட்டோடு வந்த மூவரில் ஓய்வுபெற்ற என்ஜினியருக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்த மகள் கல்யாணத்தன்றே மொட்டைமாடியில் பைனாகுலரோடு நின்றவர் அவர். மற்ற இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். எதிர்ச் சரிவிலும் கைதட்டல் கேட்டது.

என்ஜினியரின் மனைவி பிளாஸ்க் மூடியைத் திருகியபடி, "ஏங்க, அந்தக் குயிலுக்கு ஜலதோஷமா? கூவி முடிச்சிட்டு தும்முதே" என்றாள்.

"பறவை தும்மாதுடி. உனக்கு என்ன தெரியும்?"

"முப்பது வருஷமா உங்க பின்னாடி அலையறேன். தும்மல் கூடவா தெரியாது?"

மற்ற இருவரும் அதைத் தரைக்குயிலின் அபூர்வமான இரண்டாவது ஒலி என்று குறித்துக்கொண்டார்கள். என்ஜினியரின் பேனா மட்டும் நோட்டுக்கு மேலே நின்றது. சந்தேகத்தோடு டிக் போட அவருக்கு வராது.

"நீ சொல்லும்மா. படிச்ச பொண்ணு. போடட்டுமா?"

முதலாளியின் மச்சான் அவள் கண்முன் வந்து நின்றான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"போடாதீங்க சார். அந்தத் தும்மல் என்னோடது. காலேஜ்ல படிக்கறப்போ நான் பதிவு பண்ணின குயில் குரலைத்தான் ரெண்டு கம்பெனியும் வெச்சிருக்கு. அதுக்கப்புறம் ஆறு வருஷமா அந்தக் குயிலை யாரும் கேக்கவே இல்ல."