மணப்பெண் வீட்டு மெழுகுவர்த்தி

பக்கவாதம் வந்து கிடக்கும் வலது கையை வேலை வாங்க, நல்ல இடது கையை உறைபோட்டுக் கட்டிவிடுவார்கள். தினம் ஆறு மணி நேரம், இரண்டு வாரம். உறையைக் கழற்ற மாட்டேன் என்று பூசான் நகர ஆஸ்பத்திரியில் பில்நாம் எழுதிக் கொடுத்திருந்தாள். சொன்னபடியே இருந்தாள். இருக்க முடியாமல் தவித்தது அவள் கணவர் தேஹோதான்.

"ஒரு கமலா ஆரஞ்சை உரிக்க முக்கா மணி நேரமா? குடு இங்க."

"தொடாதீங்க! எனக்குக் கைதான் போச்சு. உங்களுக்குக் காதும் போச்சா?"

அவர் கேட்கவில்லை. பட்டன் போட்டுவிட்டார், சோறு ஊட்ட வந்தார். அந்தப் பாசம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எரிந்து விழுந்த பிறகு அழுகையும் வந்தது.

சனிக்கிழமை மகள் போராவுக்குக் கல்யாணம். அவர்கள் ஊர் வழக்கப்படி முதலில் இரண்டு அம்மாக்களும் மேடையேறி ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு நீலம், பெண் வீட்டுக்கு இளஞ்சிவப்பு.

"இடது கையால ஏத்தும்மா. யாரு பாக்கப்போறா?" என்றாள் போரா.

"நான் பாப்பேன்டி."

அன்றைக்கு முடியாவிட்டால் இந்தக் கை செத்துவிட்டதென்று தானே நம்பிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். பயிற்சி தரும் மின் என்ற பெண்ணிடம் கெஞ்சி, நீளமூக்கு லைட்டரையே பயிற்சிப் பொருளாக வாங்கிக்கொண்டாள். வியாழக்கிழமை, முப்பதாவது தடவையோ என்னவோ, தீ வந்தது. மின் கைதட்டினாள்.

"நல்லதுதான்," என்றார் தேஹோ. "ஆனா அங்க இருநூறு பேர் இருப்பாங்களே."

சனிக்கிழமை சம்பந்தியம்மாளோடு மேடையேறினாள். அங்கே இரண்டு மெழுகுவர்த்தியும் எரிந்துகொண்டிருந்தன.

"யாரோ ஏத்திட்டாங்களே, சம்பந்தி?" என்று சம்பந்தியம்மாள் கிசுகிசுத்தாள்.

பில்நாம் வாசலைப் பார்த்தாள். மகளை அழைத்துவர நின்ற தேஹோ, கவலை விட்டது என்பதுபோல் தலையாட்டிச் சிரித்தார். மண்டபத்து ஆட்களிடம் சொல்லிவைத்தது அவர்தான். இவரே நம்பவில்லையே!

குனிந்து இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

வலது கையால் லைட்டரைத் தூக்கினாள். முதல் அழுத்தலில் தீ வரவில்லை. இரண்டாவதில் விரல் வழுக்கியது. வாசலில் தேஹோ ஓரடி முன்னே வைத்தார். போரா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "நில்லுங்கப்பா."

பில்நாமின் இடது கை தானாக உதவிக்கு எழுந்தது. அது குறுக்கே வராதபடி அந்தக் கையாலேயே பாவாடையை அள்ளி முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது முறையும் வெறும் சத்தம்தான். கண் கலங்கித் திரியே தெரியவில்லை.

பக்கத்தில் ஊதும் சத்தம் கேட்டது. சம்பந்தியம்மாளும் தன் நீல மெழுகுவர்த்தியை அணைத்திருந்தாள்.

"எனக்கும் அவசரமில்ல, சம்பந்தி," என்றாள். "நீங்க ஏத்துனப்புறம் நான் ஏத்துறேன்."

பில்நாம் மறுபடி விரலை வைத்தாள்.