கழுவி வைத்த சட்டி

சந்தனம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கும். புருஷனைப் பரளச்சியிலிருந்து டவுன் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்த நேற்றிலிருந்து, கட்டில் காலைத் துடைத்தாள், துலக்கிய செம்பையே திரும்பவும் துலக்கினாள். பூமிநாதன் படுக்க முடியாமல் மூன்று தலையணையில் சாய்ந்து மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தார். கால் இரண்டும் பனந்துண்டம் போல வீங்கியிருந்தன. இதயம் களைத்துப்போய் உடம்பெல்லாம் நீர் கோத்துவிட்டதாம்.

பிழைப்பாரா? வார்டில் ஆளுக்கொரு ஜோசியம். எதிர்க்கட்டில்காரர் மூக்கு நுனியைப் பார்த்துச் சொன்னார். இட்லி விற்கிறவள் காது மடலைப் பார்த்துச் சொன்னாள். டாக்டர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. புதிதாக வந்த ஊசி ஒன்றைக் காலையில் போட்டுவிட்டு, "சாயங்காலம் சொல்றேன்" என்று போய்விட்டார். எதைப் பார்த்துச் சொல்வார் என்று கேட்க அவளுக்குப் பயம்.

சாயங்காலம் வந்தவர் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். நர்ஸின் நோட்டைப் பார்த்தார். சந்தனம்மாள் முகத்தைப் பார்க்காமல் கொழுந்தன் கோட்டைச்சாமியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஊசி கேக்கலை. விடியிறவரைக்கும் தாங்கமாட்டாரு. சொந்தக்காரங்களுக்குச் சொல்லிவிடுங்க."

வெளியில் போன உயிரின் உடம்பை வீட்டுக்குள் ஏற்றும் வழக்கம் அவர்கள் வகையறாவில் இல்லை. அரைமணியில் வாசலில் பிளசர் கார் வந்து நின்றது.

"மதினி, சாமானக் கட்டுங்க. மூச்சு இருக்கையிலயே அண்ணன வீடு சேத்துருவோம்."

சந்தனம்மாளின் கண் அழுதது, கை மூட்டை கட்டியது. கோட்டைச்சாமியும் டிரைவரும் பூமிநாதனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரிச் சாமானை ஒப்படைக்க வேண்டுமே என்று, கட்டிலுக்கடியில் இருந்த எனாமல் சட்டியை எடுத்து நர்ஸிடம் நீட்டினாள். "கழுவித்தேன் இருக்கு தாயி."

"அதுல கழுவ என்ன இருக்கு? காலையிலயிருந்து ஒரு சொட்டு மூத்திரம் போகலையே."

"யாரு சொன்னா? நாலு தடவ நெறஞ்சுச்சு. நாலு பேரு வந்துபோற எடத்துல அவுக மூத்திரம் கெடந்தா கேவலமில்லையா? நாந்தேன் அப்பப்பக் கொட்டிக் கழுவிக் கவுத்துனேன்."

"அடிப்பாவி! ஊசி நீரை இறக்குதான்னு அத அளந்து பாத்துத்தானம்மா டாக்டர் ஆளு பிழைக்குமா பிழைக்காதான்னு சொல்றாரு!"

தன் சுத்தமே தன் தாலிக்கு எமனாகிவிட்டதே! மூட்டையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். கார் உறுமிக்கொண்டிருந்தது. கதவைப் பிடித்து இழுத்தாள்.

"எறக்குங்க தம்பி."

"இங்கயே உசுரு போயிட்டா வீட்டுக்குள்ள ஏத்த முடியாது மதினி!"

"நீங்க பொணத்துக்கு வழி பாக்குறீக. நான் ஆளுக்கு வழி பாக்குறேன். எறக்குங்க!"

நர்ஸ் சொல்லித் திரும்ப வந்த டாக்டர், மறுபடி கட்டிலில் சாய்த்திருந்த பூமிநாதனின் வீங்கிய காலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். திட்டவில்லை. "நாலு தடவையா?" என்று மட்டும் கேட்டார். "இன்னும் ஒரு தடவை வரட்டும். கொட்டாம எனக்குக் காட்டுங்க. அப்புறம் சொல்றேன்."

கோட்டைச்சாமி காரை அனுப்பவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். சந்தனம்மாள் கையிரண்டையும் மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப்போல் கஷ்டமான வேலையை அவள் அதுவரை செய்ததில்லை.

விளக்குப் போடுகிற நேரத்துக்குச் சட்டி நிறைந்தது. அவள் முந்தானையால் மூடவில்லை. அத்தனை ஆண்களும் பார்க்க, வார்டு நெடுக ஒரு சொட்டுச் சிந்தாமல் ஏந்திப்போய் டாக்டரின் மேசைமேல் வைத்தாள்.

"இப்பச் சொல்லுங்க."

டாக்டர் சட்டியைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற கோட்டைச்சாமியைப் பார்த்தார்.

"காரை அனுப்பிருங்க" என்றார்.