மூடி திறந்த கம்ப்யூட்டர்

டோரதிக்கு வேலை போன அன்றே அவள் ஓட்டிய கம்ப்யூட்டருக்கும் வேலை போனது. ஆபீசில் புதுசு வந்துவிட்டது. துளை போட்ட அட்டைகளைத் தின்று சம்பளக் கணக்குப் போட்ட பீரோ உயரப் பழசை எடைக்கு ஏலம் விட்டார்கள். கைக்கு வந்த பணத்தைக் கொட்டி அவளே அதை எடுத்தாள். ஊரே வந்து பார்க்கட்டும், தொட்டுப் பழகட்டும் என்று அரியமங்கலத்தில் ஒரு பட்டறை ஷெட்டில் வைத்தாள். பைத்தியம் என்றார்கள். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்?

அசைத்தது வாடகைதான். ஞாயிறு சாயங்காலத்துக்குள் முந்நூறு ரூபாய் வராவிட்டால் மெஷின் ரோட்டுக்கு வந்துவிடும் என்று ஷெட்காரர் பிச்சமுத்து சொல்லிவிட்டார்.

புதுக் கம்ப்யூட்டர் விற்கும் ஏஜெண்ட் ஒருவர் காரில் வந்தார். ஒரு வருஷ வாடகையைத் தானே கட்டுகிறாராம். ஆனால் மெஷினை மூடிப் பூட்டி, பக்கத்தில் தன் கம்பெனி போர்டை வைக்க வேண்டுமாம். யாரும் தொடக் கூடாதாம்.

"பூட்டி வச்சுப் பார்க்க இது என்ன பிணமா சார்? போயிட்டு வாங்க."

வாய் சொல்லிவிட்டது, வாடகைக்கு வழி வேண்டுமே. நேரே பாலக்கரை தொழிலாளர் யூனியன் ஆபீசுக்குப் போனாள். 'வேலையைப் பறிக்கும் கம்ப்யூட்டர் ஒழிக' என்று சுவர் முழுக்க எழுதியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் செயலாளர் சவரிராயன் கொதித்தார்.

"எங்க சோத்துல மண்ணைப் போடுற சனியனுக்கு நாங்களே வாடகை கட்டணுமா?"

"என் சோத்துலயும்தான் மண்ணு விழுந்துச்சு அண்ணே. தொண்டை கிழிய ஒழிகன்னு கத்துறீங்களே, உள்ள என்ன இருக்குன்னு என்னைக்காவது பார்த்தீங்களா? வாங்க, கழட்டிக் காட்டுறேன். ஆளுக்கு ரெண்டு ரூபாய்."

ஞாயிறு பூசை முடிந்ததும் யூனியன் கொடியோடு நூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். டோரதி மூடியைக் கழற்றிப் போட்டாள். மெஷின் அட்டைகளைப் படபடவென்று விழுங்கியது. சவரிராயன் வேண்டுமென்றே ஓர் அட்டையை மடக்கி உள்ளே விட்டார். மெஷின் திக்கி நின்றது. ஷெட்டே கைதட்டியது, டோரதியும்தான்.

"நிறுத்திட்டீங்க. இப்ப நீங்களே ஓட விடுங்க" என்று ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள்.

வேர்த்து வழிந்து, கையெல்லாம் கறுத்து, கடைசியில் அவர் அதை ஓட விட்டேவிட்டார். முகத்தில் வந்த சிரிப்பை அடக்க முடியாமல், தோள் துண்டை ஏந்தி அவரே வசூலுக்குக் கிளம்பினார்.

கூட்டத்தில் ஏஜெண்டும் நின்றிருந்தார். துண்டில் நூறு ரூபாய் நோட்டைப் போட்டார். டோரதி துண்டுக்குள் கைவிட்டு, சில்லறையாகவே தொண்ணூற்றெட்டு ரூபாயை எண்ணி அவர் கையில் வைத்தாள்.

"ஆளுக்கு ரெண்டு ரூபாய்தான் சார்."

வாடகைக்கு நாற்பது ரூபாய் குறைந்தது. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பிச்சமுத்து, "மீதியை அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்கிக்கிறேம்மா" என்றார்.

டோரதி துண்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சரிங்கண்ணே. நீங்களும்தான் பார்த்தீங்க, ரெண்டு ரூபாய் எடுங்க."