எல்லாரும் ரிஃபானா

வினாத்தாளைத் திருடி வெளியே விட்டது விரிவுரையாளர் ரிஃபானாதான் என்று கல்லூரி முதல்வர் அறையில் முடிவுகட்டிவிட்டார்கள். வினாத்தாள் வெளியே போன நேரத்து வைஃபை பதிவில் அவள் பெயர்தான் நின்றது. தானாக வேலையை விட்டுப் போய்விட்டால் போலீசுக்குச் சொல்ல மாட்டார்களாம். என்ன பெருந்தன்மை!

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போன வருஷம்வரை கல்லூரி முழுக்க ஒரே பாஸ்வேர்டு. அறந்தாங்கி ரோட்டு டீக்கடைவரை தெரியும். உள்ளே நுழைந்தது யாரென்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்று மாற்றச் சொல்லித் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியவளே அவள்தான். மாற்றினார்கள். மறுநாளே முதல்வர் ஆத்மநாதன் வந்து நின்றார்.

"எனக்கு இதெல்லாம் போட வரலம்மா. ஒங்களோடதையே குடுங்க, அவசரத்துக்கு."

பெரிய மனுஷர் கேட்டால் எப்படி மறுப்பது? கொடுத்துத் தொலைத்தாள். அவர் அலுவலகத்துக்குச் சொன்னார், அலுவலகம் ஆசிரியர் அறைக்குச் சொன்னது. திரும்பவும் ஊருக்கே ஒரு பாஸ்வேர்டு. இந்தத் தடவை அவள் பெயரில். அதை வாங்கிப் போட்டுக்கொண்ட அத்தனை பேரும் இப்போது முதல்வர் மேசையைச் சுற்றி வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், என் பாஸ்வேர்டு ஒங்க போன்லயும் இருக்கு," என்றாள்.

"என்னம்மா பேசுறீங்க? ஒங்களோடதை நான் எதுக்குப் போடப்போறேன்?"

கூசாமல் சொன்னார். மேசையைப் புரட்டிப் போடலாம்போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. கல்லூரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இக்பால் மூலையில் மடிக்கணினியோடு இருந்தார்.

"இக்பால் அண்ணே, என் பேர்ல யாரு உள்ள இருந்தாலும் இப்பவே வெளிய தள்ளுங்க."

இக்பால் முதல்வரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், விசையைத் தட்டிவிட்டார்.

மேசையைச் சுற்றி ஒவ்வொரு தலையாகப் போனுக்குக் குனிந்தது. ஆத்மநாதன் தன் போனை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார்.

"நெட்டு போயிருச்சே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இந்த ரூம்ல எல்லாருமே ரிஃபானாதான் சார். இதுல எந்த ரிஃபானா திருடுனா?"

ஆத்மநாதன் செருமினார். "சரி, சரி. நீங்க போயி கிளாஸைப் பாருங்கம்மா. இத்தோட விட்ருவோம்."

அவள் கதவைத் தாண்டவில்லை. அதற்குள் அவர் இக்பால் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, ஒங்க பாஸ்வேர்டைக் கொஞ்சம் இதுல போட்டு விடுங்க."

ரிஃபானா திரும்பி வந்து, நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போட்டு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"போலீசுக்குப் போனைப் போடுங்க சார். அதுக்கு நெட்டு வேணாம்."